கருவாடு போட்ட பாசி

2012-இல் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கபிரியேல் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். மணக்குடிக் காயலோரம் அவன் குத்தகைக்கு எடுத்த குளத்தில் முந்தைய வாரம்தான் இறால் முழுக்கச் சிவந்து செத்து ஒதுங்கியிருந்தது. பையைத் தோளில் போட்டபடி மனைவி ஜெமியிடம் சொன்னான்:

"இன்னும் ஒரே தடவ குஞ்சு விடு. அதும் செத்தா குளத்த விட்டிரு. பின்ன நான் இங்க வந்து என்ன செய்ய?"

ஜெமி எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா. வடக்கே எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்த எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவளோடு குளத்துக்குப் போய்வந்தேன். குஞ்சு விட்ட மறுமாதமே, குளத்தில் தீனியோடு இறக்கிவைக்கும் தீனித்தட்டைத் தூக்கினால் இரண்டு இறால் சிவந்திருந்தன.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பிந்து என்ற பெண், கடல்பாசிச் சாறு இறால் நோய்க்கிருமியைக் கொல்லுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். சிவந்த இறாலோடு அவளிடம் போனோம். "முட்டத்துப் பாறைப் பாசி கொஞ்சம் உணக்கித் தாருங்க அக்கா" என்றாள்.

முட்டம் ஜெமியின் தாய்வீடு. கடல் உள்வாங்கும் வற்றத்தில் இறங்கிப் பறித்தோம். காயவைக்கும்போது, கடலிலிருந்து எது வந்தாலும் அவள் வீட்டில் செய்வதையே செய்தாள்: உப்பைத் தடவிச் சுடுமணலில் பரப்பினாள். காக்கை கொத்தாதிருக்க மேலே பழைய வலையையும் விரித்தாள்.

பிந்துவின் கண்ணாடித் தட்டில், சாறு விட்ட இடத்திலும் கிருமி செழிப்பாக வளர்ந்திருந்தது.

"உப்பு போட்டியளா?"

"போடாண்டாமா? அழுகிப் போவாதா?"

"மருந்து கேட்டா கருவாடு போட்டுக் கொண்டுவந்திருக்கியளே! இந்தக் கிருமிக்கு உப்புதான் சோறு. வெயில்ல பாசிச் சத்தும் போச்சு."

நான் சிரித்துவிட்டேன். ஜெமி சிரிக்கவில்லை. அன்றே மறுபடி முட்டம் போனாள். இந்தமுறை நல்ல தண்ணீரில் அலசி, அதே வலையை வீட்டுக் கூரைக்கடியில் தொட்டில்போல் கட்டி நிழலில் காயவைத்தாள். நாற்றம் தெருவுக்கே வந்தது.

"ஏட்டி, வீட்டுக்குள்ள கடலயா கட்டிப் போட்டிருக்க?" என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

இந்தமுறை சாற்றைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழுந்தது. "தட்டுல நடந்தது குளத்துல நடக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன்" என்று சொல்லித்தான் பிந்து சாற்றைத் தீனியில் கலக்கக் கொடுத்தாள்.

தீனித்தட்டைத் தூக்கும்போதெல்லாம் ஜெமி கண்ணை மூடிக்கொள்வாள். நான்தான் பார்த்துச் சொல்வேன். சிவந்தவை கொஞ்சநாள் வந்தன. பிறகு குறைந்தன. ஒருநாள் தட்டிலிருந்து துள்ளிய இறால் அவள் முகத்தில் அடித்தது, கண்ணைத் திறந்துவிட்டாள்.

அறுவடை பெரிதில்லை. ஆனால் குளம் பிழைத்தது. "பாசியாலதான்னு சொல்ல இன்னும் பல குளம் பாக்கணும்" என்றாள் பிந்து. படம் அனுப்பியும் கபிரியேல் நம்பவில்லை. அடுத்த இரண்டு வருட வளர்ப்பும் தேறின.

2015-இல் ஜெமியின் போனுக்கு பஹ்ரைனிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது:

"ஏட்டி, டிக்கெட் போட்டாச்சு. இனி பாசி நான் பறிக்கேன். உப்பு போடமாட்டேன்."