ஜெபப் பெட்டியில் போட்ட சண்டை

எங்கள் சபையின் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு மரப்பெட்டி, அளவாக வெட்டி வைத்த வெள்ளைத் துண்டுக் காகிதங்கள், யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி நூலில் கட்டிய ஒரு பேனா. அதுதான் ஜெப விண்ணப்பப் பெட்டி. பெயர் எழுத வேண்டாம். 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரர்' என்று போட்டால் போதும். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். மூட்டுவலி, விசா, பொம்மசந்திராவில் மகனுக்கு வேலை நிரந்தரம் ஆவது, மருமகளுக்கு நல்ல புத்தி. வருஷம் முழுக்க இந்த நாலுதான் மாறி மாறி வரும்.

இந்தப் பரிசுத்தமான பெட்டியை வைத்துக்கொண்டு நானும் என் அம்மாவும் ஐந்து வாரம் சண்டை போட்டோம். அவளுக்கு வயது எழுபத்திரண்டு, எனக்கு நாற்பத்தைந்து. இரண்டு பேருக்கும் வெட்கம் என்பது துளிகூடக் கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் நாவல். ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினேன். வட ஆர்க்காட்டில் மிஷன் பங்களாவில் துணி துவைத்த ஒருத்தி, தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்ட அவள் மகள், பெங்களூருக்கு டீச்சர் வேலைக்கு வந்த பேத்தி. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்கள், மூன்று பேரும் பெற்றவளோடு மல்லுக்கு நிற்பவர்கள். பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். பெயரை மாற்றிவிட்டால் ஆளும் மாறிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

கடைசி இரண்டு பேரும் யாரென்று எங்கள் ஜீவனஹள்ளித் தெருவில் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அம்மாவைப் பெற்ற என் ஆயாவும் என் அம்மாவும். தங்கவயலில் இருந்த ஆயா, என் அம்மாவோடு பதினைந்து வருஷம் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. அம்மா இருபத்திரண்டு வயதில் வேறொரு சபையின் கூட்டத்துக்குப் போய், மனம் உருகி, ஏரியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, காதில் கழுத்தில் இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு வந்து நின்றாளாம். "குழந்தையில சபை ஐயர் தலையில தெளிச்ச தண்ணி உனக்குப் பத்தலையா? அப்போ அது பொய்யா? நாங்கல்லாம் பொய்யா?" என்று கேட்டதுதான் ஆயா அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. இதில் கூத்து என்னவென்றால், மூன்றே வருஷத்தில் அம்மா பழைய சபைக்கே திரும்பி வந்து, கம்மலையும் மாட்டிக்கொண்டாள். ஆயாதான் திரும்பவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை நான் இட்டுக்கட்டினேன். நாவலின் கடைசி அத்தியாயத்தில், படுக்கையில் கிடக்கும் தாய் மகளைக் கூப்பிட்டு, கட்டிப்பிடித்து, மன்னிப்புக் கேட்டு, நாலு பக்கம் அழுவாள். எழுதும்போது நானே அழுதேன். கீபோர்டெல்லாம் ஈரம். என்னைப்போல எழுத இந்த ஊரில் ஆள் இல்லை என்றுகூட அன்று சாயங்காலம் தோன்றியது.

பதிப்பாளர் அடுத்த மாத முடிவுக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார். நானோ அதற்கு முன்பே, "நீ சரின்னு சொல்லாம ஒரு பக்கம்கூட வெளியே போகாதும்மா" என்று அம்மாவிடம் பெரிய மனுஷியாட்டம் வாக்குக் கொடுத்து, பிரின்ட் எடுத்து அவள் கையில் வைத்திருந்தேன். அவள் கீழ்வீடு, நான் மாடி. பத்து நாள் கழித்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டு மாடிப்படியில் இருந்தது. ஆள் இல்லை. வார்த்தை இல்லை.

அன்றோடு பேச்சு நின்றுபோனது. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. மீன் குழம்பு டப்பா வழக்கம்போலப் படியேறி வரும், கொண்டுவந்து வைத்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிவிடுவாள். ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டுமென்றால், தள்ளுவண்டிக்காரரிடம் எனக்குக் கேட்கிற மாதிரிக் கன்னடத்தில் கத்துவாள். "மேல்கடெயவரிகெ நீரு பந்திதெ அந்த ஹேளப்பா!" மாடியில் இருப்பவர்களிடம் தண்ணீர் வந்துவிட்டது என்று அவர் சொல்ல வேண்டுமாம். அந்த மனிதரும் கொத்தமல்லிக் கட்டைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து அதையே திரும்பச் சொல்வார்.

பேசினால்தானே சரி என்று சொல்வாள்? சொன்னால்தானே புத்தகம் போகும்? ஆறு வருஷ உழைப்பு அம்மாவின் வாய்க்குள் மாட்டிக்கொண்டது. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே! நாங்கள் எந்தக் குடும்பம்?

முதல் ஞாயிறு பாஸ்டர் பெட்டியைத் திறந்தார். அவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பாவம். மூட்டுவலி முடிந்து, விசா முடிந்து, அடுத்த காகிதத்தை எடுத்தார். "ஒரு தாயைப் பற்றிப் பொய் எழுதிய மகள் மனந்திரும்ப ஜெபிக்கவும். ஒரு சகோதரி." சபை ஆமென் சொன்னது. மூன்று பெஞ்சு முன்னால் அம்மா எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது.

எது பொய்? ஒன்றுதான் தோன்றியது. நாவலில் வரும் தாய், பிரசங்க நேரத்தில் தூங்கும் பிள்ளைகளைத் தொடையில் கிள்ளுவாள். தோலைப் பிடித்து அரைச் சுற்றுத் திருகுவாள். அது அம்மாவின் கிள்ளல்தான், பெயர் மாற்றியும் அடையாளம் தெரிந்திருக்கிறது. ஓ, இதற்குத்தானா இவ்வளவு!

அடுத்த வாரம் பத்து நிமிஷம் முன்னதாகவே போய் நூல் பேனாவைப் பிடித்தேன். "ஒரு கதைக்காகக் கோபித்துக்கொண்ட தாயின் வாய் திறக்க ஜெபிக்கவும். எபேசியர் ஆறு, நான்கு. ஒரு சகோதரி." பிள்ளைகளைக் கோபப்படுத்தக் கூடாது என்கிற வசனம் அது. பாஸ்டர் வாசித்ததும் சபையில் பாதிப் பேர் பைபிளைப் புரட்டித் தேடினார்கள்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. "அந்த வசனம் பிதாக்களுக்குச் சொன்னது, மாதாக்களுக்கு அல்ல. வேதத்தைச் சரியாக வாசிக்க ஒரு மகளுக்கு ஞானம் கிடைக்கும்படி ஜெபிக்கவும்."

ஐயோ! பாடகர் வரிசையில் ஒருத்தர் இருமுவதுபோலச் சிரித்தார். பின்பெஞ்சு குலுங்கியது. யாருக்கும் தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்க, வாசல் மேசையில் நாங்கள் மாறி மாறிக் குனிந்து எழுதியதை மொத்தச் சபையும் பார்த்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் வாசிக்கிற பாஸ்டர்தான். வழக்கமாகப் பிரசங்கம் தொடங்கிய பிறகு வருகிறவர்கள்கூட அந்த மாதம் விண்ணப்பத்துக்கு முன்பே வந்து இடம் பிடித்தார்கள்.

நான் விடுவேனா? நாலாவது வாரம்: "பிரசங்க நேரத்தில் பிள்ளைகளின் தொடையைக் கிள்ளிய தாய்மார்களுக்கு மன்னிப்புக் கிடைக்க ஜெபிக்கவும்." அன்றைய ஆமென்போல ஒரு ஆமென் எங்கள் சபையில் அதற்கு முன் எழுந்ததில்லை. கிள்ளு வாங்கி வளர்ந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன ஆமென்.

ஐந்தாவது வாரம் பாஸ்டரின் குரலே கொஞ்சம் நடுங்கியது. "கிள்ளியது உண்மை. வருத்தமில்லை. கடைசி அத்தியாயம்தான் பொய். ஒரு சகோதரி."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. கடைசி அத்தியாயமா? நான் அழுதுகொண்டே எழுதியதா? அதில் யாரையும் குறை சொல்லவே இல்லையே. எல்லோரையும் சேர்த்துத்தானே வைத்தேன்? மாத முடிவுக்கு ஆறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வீடு சந்திப்புக்கு வந்தார். பாஸ்டர் வந்தால் வீட்டில் இருக்கிற எல்லோரும் கூடி உட்கார்ந்தாக வேண்டும், அதனால் நானும் இறங்கிப் போனேன். அம்மா ஒரு முனையில், நான் ஒரு முனையில், நடுவில் காபியும் ரஸ்க்கும். அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்து துண்டுக் காகிதங்களை எடுத்து டீப்பாயில் வரிசையாக வைத்தார்.

"அம்மா, நீங்க முப்பது வருஷம் சண்டே ஸ்கூல் நடத்துனவங்க. இந்தச் சபையில எல்லார் கையெழுத்தும் உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. இதை எழுதுற சகோதரி யாருன்னு மட்டும் சொல்லுங்க. ரொம்ப மனக்குழப்பத்துல இருக்காங்க" என்றார்.

"சகோதரியா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. அஞ்சும் ஒரே கையெழுத்து. ஒரு வாரம் தாயா எழுதுறாங்க, அடுத்த வாரம் மகளா எழுதுறாங்க. அவங்களே கேள்வி கேட்டு, அவங்களே பதிலும் சொல்லிக்கிறாங்க. எனக்கு மூணு நாளா தூக்கம் இல்ல. வீட்டுல கவனிக்கிற ஆளு யாரும் இல்லையோ என்னமோ."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நானும் குனிந்தேன். சத்தியமாக ஒரே கையெழுத்து. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு 'த'வுக்கும் கீழே தாராளமாக இழுத்துவிட்ட வால். இருக்காதா? ஐந்து வயதில் என் கையைத் தன் கைக்குள் பிடித்து, முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டி அவள் ஏற்றிவிட்ட எழுத்து அது. எது யார் எழுதியது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை.

அம்மாவின் உதடு ஒரு ஓரமாகத் துடித்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன், அவ்வளவுதான், காபி மூக்கு வழியாக வந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடைத்தும் நிற்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் ரஸ்க் தட்டு கவிழ்ந்தது. ஐந்து வாரச் சிரிப்பு!

"பாஸ்டர்," என்று அம்மா கண்ணைத் துடைத்தாள், "அந்த மனக்குழப்பம் புடிச்ச சகோதரி நாங்க ரெண்டு பேருதான்."

பாவம், அவர் முகம் போன போக்கு! அவசரமாகக் கண்ணை மூடி, அதைவிட அவசரமாக ஜெபம் பண்ணிவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா ஒரு ரஸ்க்கைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். "மேல வெச்சிருக்கியே, அந்தப் பழைய வேதாகமம். எடுத்துணு வா" என்றாள். ஐந்து வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

எங்கள் குடும்ப வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே நாலு வெற்றுப் பக்கங்கள் உண்டு. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான் எழுதுவார்கள். நாவலுக்காக அந்தப் பக்கங்களை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அம்மா நேராக என் பிறப்பு இருக்கிற வரியில் விரலை வைத்தாள். 'பெண் குழந்தை. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஆறு ராத்தல். தாயும் சேயும் சுகம்.'

"இது யார் எழுதுனது?"

"நீதான்."

"நான் எழுதல."

சாய்ந்த எழுத்து. வால் இழுத்த 'த'. நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்கு எழுதக் கத்துக்குடுத்தது யாருன்னு நெனச்ச?" என்றாள். "நீ பொறக்கும்போது இந்த வேதாகமம் தங்கவயல்ல எங்கம்மாகிட்டதான் இருந்துச்சு. அவ போனப்புறம் சாமானோட வந்துச்சு. தெறந்து பார்த்தேன். மணி எழுதியிருக்கா பாரு, நிமிஷத்தோட. எடை எழுதியிருக்கா. உங்கப்பா சொல்லலயாம், கேட்டுட்டேன். எங்க, யார விசாரிச்சாளோ!" 'தாயும்' என்கிற சொல்மேல் விரலைத் தேய்த்தாள். "இங்க பாரு. என்னையும் விசாரிச்சிருக்கா."

இருபது வருஷமாக என் அலமாரியில் இருந்த வரி!

"நீ இன்னாடான்னா நாலு பக்கத்துக்கு அவள அழ வெச்சு, கட்டிப்புடிக்க வெச்சு! எங்கம்மா யாரையும் கட்டிப்புடிக்க மாட்டா. அவகிட்ட இருந்து எனக்குக் கெடச்சது இந்த ஒத்த வரி. அத எடுத்துட்டு வேற என்னமோ குடுக்கற. எனக்கு வேணாம்டி."

நாலு பக்கத்தையும் தூக்கினேன். கை கூசவில்லை. அரைப் பக்கம் புதிதாக எழுதினேன். மகள் வேதாகமத்தைத் திறக்கிறாள், ஒரு வரியைப் படிக்கிறாள், மூடுகிறாள். அவ்வளவுதான். கீழே கொண்டுபோய் நீட்டினேன். அம்மா நின்றபடியே படித்துவிட்டு, "ம். அனுப்பு" என்று அடுப்பைப் பார்க்கப் போனாள். கிள்ளல் அத்தியாயத்தைத் தொடவே இல்லை.

புத்தகம் அச்சாகி ஒரு வெள்ளிக்கிழமை கூரியரில் வந்தது. முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சமையலறைக்குள் கொண்டுபோனாள். அதன் பிறகு தக்காளி பற்றிப் பேசினாள், மெட்ரோ வேலை பற்றிப் பேசினாள், பாஸ்டரின் குடையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்காதது பற்றி மூன்று தடவை பேசினாள். புத்தகம் பற்றி ஒரு வார்த்தை? ஊஹூம். சபையில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துப் பாராட்டும்போதுகூட அவள் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு மறுபடி நூல் பேனாவைப் பிடித்திருப்பேன்.

அடுத்த புதன்கிழமை வேதாகமத்தை என் கையில் திணித்தாள். "மேலயே வெச்சுக்கோ. கீழ கரையான் வருது" என்றாள். எங்கள் வீட்டில் கரையான் கிடையாது.

படியிலேயே நின்று திறந்தேன். நடுப்பக்கத்தில், என் பிறப்புக்கு நேர் கீழே, மை காய்ந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அதே சாய்ந்த எழுத்து.

'நாவல். வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணி. நானூற்றுப் பன்னிரண்டு கிராம். தாயும் சேயும் சுகம்.'