மலைசாதி மாதிரி இல்லையே

எனக்கு வகுப்பு விடிகாலையில் நடக்கும். அந்த நேரத்தில் பாடம் நடத்துகிறவர்கள் ஊரில் நண்பகல். கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், சமூக நீதியும் பழங்குடிச் சமூகப் பணியும் என்ற முதுகலைப் படிப்பில் இணையவழியாகச் சேர்ந்திருந்தேன். தேனி கடைவீதியில் எங்கள் பாத்திரக் கடையின் மாடியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். கவிழ்த்து அடுக்கிய அலுமினிய அண்டாக்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உலகத்து அநீதிகளையெல்லாம் படித்தேன்.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும், தான் உட்கார்ந்திருக்கும் மண் ஆதியில் யாருடையது என்று எல்லோரும் வரிசையாகச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, மேற்கே தெரியும் மலை பளியர் பழங்குடியினருடையது, என் நாற்காலி இருக்கும் மாடி மாமனார் கட்டியது என்றேன். பேராசிரியை அழகாகத் தலையசைத்தார். இதை வீட்டில் சொன்னதும் மாமனார் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எவன் மண்ணுன்னா கேக்குறாக? நம்ம பேருல பட்டா இருக்குன்னு சொல்லு."

என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து கீழே நின்றுகொண்டு, "சமூக நீதி முடிஞ்சிருச்சுன்னா இறங்கி வா, குக்கர் லோடு வந்து நிக்கிது" என்று குரல் கொடுப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். ஆனால் லோடு வந்திருப்பது உண்மையாக இருக்கும். என்ன செய்வது, இறங்கிப் போவேன்.

படிப்பில் களப்பணி என்று ஒரு பகுதி உண்டு. கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு பளியர் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தேன். கம்பம் வரை பஸ். அங்கிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டால் திராட்சைப் பந்தல்கள் முடியுமிடத்தில் இறக்கிவிடுவார்கள். அந்த ஜீப்பில்தான் அந்தக் குடியிருப்புக்காரி ஒருத்தி எனக்குப் பழக்கமானாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை. ஏலக்காய் எடுக்கப் போய்த்தான் ஒரே மகளைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்திருந்தாள். அந்தக் குடியிருப்பில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அந்த மகள்தான். முன்பு நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் தாயும் மகளும் என்னை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பழங்குடியினருக்கான இடம். பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள், கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். பள்ளிக்கூடத்தில் 'அப்புறம் கொண்டா' என்றே பன்னிரண்டு வகுப்பும் ஓட்டிவிட்டார்கள். தாயிடமும் சான்றிதழ் இல்லை. அதனால் அதிகாரி நேரில் வந்து விசாரித்த பிறகுதான் கொடுப்போம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் தாய் என்னிடம் கேட்டாள்.

"ஆபீசரு வாராகளே டீச்சர், நாங்க என்ன செய்யணும்?"

அந்த வாரம் வகுப்பில் இதைத்தான் படித்திருந்தோம். பழங்குடியாக இருப்பவரைப் பழங்குடி போல நடிக்கச் சொல்வது பெரிய அவமதிப்பு. அவர்களோடு வேலை செய்பவர்கள் அதற்கு ஒருநாளும் துணை போகக் கூடாது. எனக்கும் அதில் முழுச் சம்மதம், இன்றைக்கும் சம்மதம்தான். "நீங்க எப்பவும் போல இருங்க, அது போதும்" என்றேன்.

அவர்களும் எப்பவும் போலத்தான் இருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அது எல்லா வீட்டுக்கும் வந்தது போல. ஒரு வீட்டில் நாற்காலி, இன்னொரு வீட்டில் மின்விசிறி, வேறொரு வீட்டில் பூப்போட்ட மேசைவிரிப்பு என்று எல்லாம் விருந்தாளி வரும் வீட்டில் வந்து சேர்ந்துவிடும். மறுநாள் காலை நான் போனபோது வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி போட்ட புடவை கட்டிக்கொண்டு அவள் நின்றாள். மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்த சுடிதாரில், தலை நிறையப் பூ வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தேநீருக்குப் பால் வாங்க ஒருவர் அடிவாரம் வரை போய்வந்திருந்தார். யாரோ வீட்டு டிவியையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், ஆபீசருக்குப் பொழுது போக வேண்டுமாம். எனக்குப் பெருமையாக இருந்தது. மரியாதையாக நடத்துகிறவர்களுக்கு மரியாதை கிடைக்கும் என்றுதான் நானும் நம்பினேன்.

அதிகாரி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். பளபளக்கும் டம்ளரில் தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுப் பின்னால் நின்ற உதவியாளரிடம், "மலைசாதி மாதிரியே இல்லையே" என்றார்.

அவர் முரடர் இல்லை. குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. தேன் எடுப்பீர்களா, கிழங்கு தோண்டுவீர்களா என்று பொறுமையாகக் கேட்டார். தாயும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"எங்கய்யா காலத்துல எடுத்தாக. இப்ப காட்டுக்குள்ள விடமாட்டேங்கிறாகய்யா. ஏலத்துக்குத்தான் போறோம்."

உங்கள் சாமி எது, கல்யாணம் எப்படி, சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பதிலும் அவர் எதிர்பார்த்ததைவிட ஒரு படி ஊர்ப்பக்கமாக இருந்ததை அவர் முகமே காட்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை. காட்டுக்குள் விடாமல் வைத்துவிட்டுக் காட்டுப் பழக்கம் எங்கே என்று கேட்டால் எப்படி என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"பழங்குடிச் சமூகப் பணி படிக்கிறேன் சார்."

"எங்க?"

"ஆன்லைன்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "நல்லா படிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

பழங்குடியினருக்குரிய பழக்கவழக்கங்கள் காணப்படவில்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்த வார வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். திரையில் சக மாணவர்கள் அனுப்பிய சின்னச் சின்ன இதயங்கள் பறந்தன. பேராசிரியைக்கு நிஜமாகவே கண் கலங்கியது. நல்ல மனுஷி. இந்த வேதனையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள், அவசரப்பட்டு எதையும் சரிசெய்ய முயலாதீர்கள் என்றார். உட்கார்ந்துதான் இருந்தேன், அண்டாக்களுக்கு நடுவில். மதுரைக் கல்லூரியின் கடைசித் தேதி உட்காருமா? இதையே கட்டுரையாக எழுதச் சொன்னார். எழுதினேன். வகுப்பிலேயே சிறந்த கட்டுரை என்று வந்தது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தில் மடிக்கணினியை மூடிய சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு தாயும் நானும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். ஒருவர் இருந்தால் இன்னொருவர் மீட்டிங்கில் இருப்பார். கடைசியில் அதே அதிகாரி மனமிரங்கி, மறுபடியும் ஒருமுறை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். "நானும் உதவி பண்ணத்தான் பாக்கறேன். மேல கேட்டா காட்டறதுக்கு எனக்கு ஏதாவது வேணும்ல" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. என் பக்கத்தில் நின்றவளுக்கு என்னைவிட முன்பே புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவள் கேட்டாள்.

"இந்தத் தடவ எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லிருங்க டீச்சர். அன்னைக்கு எப்பவும் போல இருந்தோம். அது சரிப்படலையே."

நடிக்காதே என்று சொன்னால் மகளுக்குப் படிப்பு போகும். நடி என்று சொல்ல என் வாய் எழவில்லை. மலையைப் பார்ப்பது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு, "சரி, விடுங்க. நாங்களே பாத்துக்கிறோம்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னாள், அதுதான் இன்னும் வலித்தது.

பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை நான் போனபோது கோலம் இல்லை, நாற்காலி இல்லை, டிவி போன இடம் தெரியவில்லை. கிழிந்த புடவை கட்டி, செருப்பில்லாமல் வாசலில் குந்தியிருந்தாள் அவள். பக்கத்தில் ஒரு தோண்டுகம்பும் மூங்கில் கூடையும் கிடந்தன. கூடையில் அடிவாரத்துச் சந்தையில் வாங்கிய கிழங்கு. மகளுக்குப் பூ இல்லை, எண்ணெய் இல்லை, கண்ணாடியும் இல்லை. அது இல்லாமல் அவளுக்கு எதிரில் நிற்கும் ஆள்கூடத் தெளிவாகத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரிக்குத் திருப்தி. உதவியாளர் படம் எடுத்தார். தாயிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க சாமி" என்று மட்டும் சொன்னாள். முதல் முறை அய்யா என்று கூப்பிட்டவரை இப்போது சாமி என்று கூப்பிட்டாள். பிறகு அவர் மகளிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள், எங்கே போடுவது என்று தெரியாமல் விரலால் தடவினாள்.

"பரவால்ல, ரேகை வெச்சிரும்மா" என்றார் அதிகாரி. மிகவும் பரிவாகத்தான் சொன்னார். உதவியாளர் மைப்பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலைத் தானே பிடித்து அமுக்கித் தாளில் வைத்தார். பிளஸ் டூ தேறிய பிள்ளை. அவள் வாய் திறக்கவில்லை. தாயும் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்று தெரிந்ததால் நானும் திறக்கவில்லை.

சான்றிதழ் கடைசித் தேதிக்குள் வந்துவிட்டது. தாய் கம்பம் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். கணவர் கடையிலிருந்து ஒரு டிபன் கேரியரும் டம்ளரும் கொடுத்தனுப்பினார். மதுரை பஸ் கிளம்பும் நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் என்னைக் கிட்டே வரச் சொல்லி, தாய்க்குக் கேட்காமல் கேட்டாள்.

"காலேஜ்ல நான் எப்படி இருக்கணும் டீச்சர்? வீட்டுல மாதிரியா, அன்னைக்கு நின்ன மாதிரியா?"

பஸ் நகர்ந்தது. நான் கையை மட்டும் ஆட்டினேன்.