எலிக்காக நின்ற இயந்திரம்

பழைய பேப்பர் கிடங்கில் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் அவளுக்கே ஞாபகம் வரும்.

அமுக்கு இயந்திரம் அவள் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. அதில் பழைய தாளையும் அட்டைப்பெட்டிகளையும் நிரப்பிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், மேலிருந்து தடித்த இரும்புப் பலகை இறங்கி எல்லாவற்றையும் நசுக்கிக் கட்டாக்கிவிடும். பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் அவள் ஸ்பேனரை எடுத்துத் தொட்டியின் பக்கத்தில் டங் டங்கென்று தட்டுவாள். "உள்ள யாரு இருந்தாலும் கிளம்புங்கப்பா, வேலை ஆரம்பிக்கப் போறேன்!" என்று குரல் கொடுப்பாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்? எலி, அணில், பல்லி, எப்போதாவது தூக்கக் கலக்கத்தில் ஒரு பூனை. தாளுக்குள் சரசரப்பு கேட்டு ஓர் எலி எட்டிக் குதித்தால், "போயிட்டு வா ராசா" என்பாள். கிடங்கே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், அவளுக்கென்ன? "அதுக்கு மட்டும் என்ன, ஸ்பேர் உசுரு ஒண்ணு வச்சிருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள்.

எல்லாம் புது மேலாளர் வரும்வரைதான். சின்ன வயது. கெட்டவன் என்று சொன்னால் வாய் அழுகிவிடும், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எப்போதும் ஒரு பறப்பு.

"என்னக்கா இது, எலிக்கெல்லாம் வரவேற்பா?"

"வரவேற்பு இல்ல சார், வழியனுப்பு."

கிடங்கு கொல்லென்று சிரித்ததுதான் வினையாகிவிட்டது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. "நாளையிலேர்ந்து தட்டுறதும் கிடையாது, காத்துக்கிட்டு நிக்கிறதும் கிடையாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்."

வீட்டில் கணவன் முதுகுவலியோடு படுத்த படுக்கை. பேருந்து ஓட்டியவன், இப்போது கட்டிலில் புரளவே ஆள் வேண்டும். அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். "எனக்காகக் கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இரேன்" என்றான். அவன் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டினாள்.

அன்று இரவெல்லாம் மழை. காலையில் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். முந்தின நாள் நிரப்பிய தொட்டி அப்படியே இருந்தது. கை பரபரத்தது. மேலாளர் பின்னால் கைகட்டி நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் உறுமியது. பலகை இறங்கத் தொடங்கியது. அது பாதி வழி வருவதற்குள் தாளுக்கு நடுவிலிருந்து ஓர் எலி தலையை நீட்டியது. தொட்டியின் சுவரில் தாவியது, வழுக்கி விழுந்தது, மறுபடியும் தாவியது. மேலே பலகை வருவதை அது பார்த்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது.

"சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா!" என்று சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

சத்தம் அடங்கியது. மேலாளருக்கு வந்ததே கோபம்! "ஒரு எலிக்காக மெஷினை நிறுத்துவீங்களா? போதும்க்கா, நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

"கிளம்புறேன் சார். இது முதல்ல கிளம்பட்டும்."

நீளமான அட்டை ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்துப் பிடித்தாள். எலி அதன்மேல் ஏறி ஓடி வெளியே குதித்து, மேலாளரின் ஷூவை மிதித்துக்கொண்டு மறைந்தது. அவன் ஐயோ என்று துள்ளினான்.

அப்போதுதான் தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னப்பா, கரண்ட் போயிடுச்சா?"

தட்டக்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அவள் திரும்புவதற்குள் மேலாளர் தொட்டிக்குள் குதித்திருந்தான். பைத்தியம் பிடித்தவன் போல அட்டைகளை வாரி வாரி வெளியே வீசினான். அடியில், தலையெல்லாம் தாள் துணுக்கோடு, ஒரு மனிதர் சுருண்டு படுத்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

"மழைக்கு ஒதுங்க இடமில்ல சார். சுவர் ஏறி வந்து, குளிருக்கு அட்டைக்கு அடியில புகுந்து படுத்துட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்க."

"மெஷின் சத்தம்கூடவா கேக்கல?" மேலாளர் கேட்டான்.

"நான் ஜெனரேட்டர் ரூம்ல வாட்ச்மேனா இருந்தவன் சார். சத்தம் ஓடினா தாலாட்டு மாதிரி, அப்படித் தூங்குவேன். சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பே வரும்."

தட்டக்கா அங்கிருந்த தாள்கட்டின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். பயம், ஆத்திரம், நிம்மதி எல்லாம் சேர்ந்து வந்த அழுகை. போன உயிர் திரும்பி வந்தவளாக இருந்தாள். மேலாளர் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான். "அக்கா" என்றான். அவள் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

யாரோ எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்கள். இரண்டு மடக்கு உள்ளே போனபிறகுதான் அந்த மனிதர் இயந்திரத்தை நிமிர்ந்து பார்த்தார். பாதியில் நின்றிருந்த பலகையைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் தட்டக்கா பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு அட்டைக்கு அடியில என்னை எப்படிம்மா பாத்தீங்க?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"உங்களைப் பாக்கலண்ணா. ஒரு எலி தவிச்சுக்கிட்டிருந்துது. அதைப் பாத்துத்தான் நிறுத்தினேன்."

தலையிலிருந்த தாள் துணுக்கு ஒன்று டீயில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அது தப்பிச்சுதா?" என்று கேட்டார்.

"தப்பிச்சிருச்சுண்ணா. நம்ம சார் ஷூ மேல ஏறித்தான் போச்சு."

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டு, மீதி டீயைக் குடித்தார் அவர்.