லாரி கேட்காத தெரு

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நகரத்தைச் சுற்றிப் புதிதாக முளைத்த எந்தக் குடியிருப்பைச் சொன்னாலும், அங்கே வாரத்துக்கு எத்தனை லோடு அடிக்கிறார் என்பதுதான் அவருக்கு அடையாளம். "அதுவா? மூணு லோடு. ஆகாது." அவ்வளவுதான், அந்த இடத்தின் தலையெழுத்தே முடிந்தது. ஒரு குடம்கூடக் குறைத்து ஊற்றாத மனுஷன் என்று வெளியே பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டில் அவர் செய்த அதிகாரம் கொஞ்சமா!

சொந்த வீடு பார்க்கக் கிளம்பியபோது இரண்டு இடம் அமைந்தது. ஒன்று மேட்டில். மகளின் பள்ளிக்கூடம் பக்கம். நான் வேலை பார்க்கிற சட்டைக் கம்பெனிக்குத் தெருமுனையிலேயே பஸ். என்ன, உள்ளே கையை நீட்டினால் சுவர் இடிக்கும். இன்னொன்று பள்ளத்தில். பெரிய கூடம், மாடியில் ஒற்றை அறை, பின்னால் குனிந்து மொண்டுகொள்கிற மாதிரி கிணறு. பஸ்ஸுக்கு மட்டும் இருபது நிமிஷம் நடக்க வேண்டும்.

"மேட்டு வீட்டையே எடுத்துக்கலாங்க. புள்ளைக்கு வசதி," என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? அந்த மேட்டுக்கு வாரம் நாலு லோடு அடிக்கிறேன். பள்ளத்துல இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூட லாரி கேட்டதில்ல. ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துறவன் பொண்டாட்டி குடத்தோட வரிசையில நிக்கணுமா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். மேட்டில் நிற்காத தண்ணீர் எங்கே போய் உட்காரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நானும்தான் யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எங்கள் வீட்டுப் பல்லி குடும்பத்தோடு விழுந்தது.

பள்ளத்து வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் மழைக்கே தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. அடுத்த வருஷம் இன்னும் மோசம், ஜன்னல் வரைக்கும் ஏறியது. மெத்தை, பிள்ளையின் புத்தகம், பீரோவில் கீழ்த்தட்டுத் துணி எல்லாம் நாசம். சுவர் ஊறி ஊறி மகளுக்கு வீசிங் வந்துவிட்டது. "இந்த ஈரத்துல இருந்தா மருந்து மட்டும் போதாதும்மா" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இதை விற்க வேண்டும், மேட்டுக்குப் போக வேண்டும், என் பிள்ளை மூச்சு விட வேண்டும்.

வெயில் காலத்தில் பெயிண்ட் அடித்தோம். வீடு பார்க்க வந்தவர்களிடம் இவர், "மழைக்கு உள்ள வரும்ங்க" என்று சொல்லித் தொலைத்தார். மூன்று பேர் வந்த வழியே போனார்கள்.

"ஊர் மெச்ச நீங்க அரிச்சந்திரனா இருங்க! புள்ள மூச்சு முட்டிச் சாகட்டும்!" என்று கத்தினேன். நாலாவது ஆள் வருகிற நேரத்தில் அவரைப் பால் வாங்க அனுப்பிவிட்டேன்.

வந்தது ஒரு நர்ஸ் பொண்ணும் அவள் புருஷனும். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அவர்களும் மேட்டில் ஒரு வீடு பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கிணற்றைப் பார்த்ததும் புருஷன் சொக்கிப்போனான். அவள் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் புள்ள பெத்தவங்க. உண்மையச் சொல்லுங்க, மழைக்கு எப்படி?"

உள்ளே மகள் இருமினாள்.

"தெருவுல கொஞ்சம் நிக்கும். வாசப்படி தாண்டாதும்மா," என்றேன். நாக்குக் கூசவே இல்லை.

பத்திரம் பதிகிற அன்று இவர் வாயைத் திறந்திருக்கலாம். மகளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மேட்டுக்கு வந்தோம், அவளுக்கு மூச்சுத் திணறல் நின்றது. என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை இவர் நிறுத்தினார்.

அந்த வருஷ மழையில் ஒரு சாயங்காலம் நர்ஸ் பொண்ணு போன் பண்ணினாள். திட்டப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

"அக்கா, தண்ணி கூடத்துக்குள்ள வந்துருச்சு. அவரு வேலைக்குப் போயிருக்காரு, நானும் புள்ளையும்தான் இருக்கோம். இது இவ்ளோதானா, இன்னும் ஏறுமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். எதிரே இவர் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறும்மா. ஜன்னல் வரைக்கும் ஏறும். புள்ளையத் தூக்கிட்டு இப்பவே மாடி ரூமுக்குப் போயிரு."

இவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். போனில் அவள் தண்ணீருக்குள் நடக்கிற சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டன.

"அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியும்ல அக்கா," என்றாள்.