யோன்சில் கேட்ட கேள்வி

சுங்ஜூ மலையடிவாரத்து அந்தச் சிற்றூரில் சாவு விழுந்தாலும் கல்யாணம் நடந்தாலும் முதலில் அடுப்பு மூட்டுகிறவள் யோன்சில்தான். பெண்கள் சங்கத் தலைவி. பேச ஆரம்பித்தால் அடுத்த தோட்டத்துக்கும் கேட்கும். மனநோயைக் கண்டறியும் பயிற்சிக்கு ஊரிலிருந்து ஓர் ஆள் வேண்டுமென்று சுகாதார நிலையத்தில் கேட்டபோது, ஊர்த்தலைவர் யோசிக்கவே இல்லை.

"எப்படியும் எல்லா வீட்டுலயும் மூக்கை நுழைக்கிறவதானே. போயிட்டு வா" என்றார்.

பயிற்சியில் நர்ஸ் ஹேவோன் ஒரு கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொன்னாள். 'செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?' பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யோன்சிலுக்குச் சிரிப்பு வரவில்லை, நாக்கும் புரளவில்லை.

"இதைக் கேட்டா, இல்லாத நெனப்பை நாமளே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

"கேக்கறதால அந்த நெனப்பு வராதுங்க. ஏற்கெனவே இருந்தா, சொல்ல ஒரு ஆள் கிடைக்கும்."

அந்தக் கோடையில் ஆப்பிள் மரங்களுக்கு நோய் வந்தது. தீ நக்கியதுபோலக் கிளைகள் கருகின. நோய் கண்ட தோட்டத்தில் ஒரு மரத்தையும் விட்டுவைக்கக் கூடாதென்பது சட்டம். முதலில் போனது மாங்கிலின் தோட்டம். இயந்திரங்கள் வந்து, காய்த்த மரங்களை வேரோடு பிடுங்கிக் குழியில் தள்ளி, சுண்ணாம்பு கொட்டி மூடின. அதன்பின் அவர் வீடு இருந்த சந்துக்குள் யாரும் போகவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்டு நோய் தங்கள் தோட்டத்துக்கும் வந்துவிடும் என்ற பயம். யோன்சிலுக்கும் ஆப்பிள் தோட்டம் இருந்தது. அவளும் போகவில்லை.

மாங்கில் விடிந்ததும் குடித்துவிட்டு, மூடிய குழியின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி ஒக்புன் அழுவது சில நாள் காற்றில் கேட்டது. ஒருநாள் அந்த அழுகை நின்றுபோனது. ஊரே மாங்கிலைப் பற்றித்தான் கவலைப்பட்டது. யோன்சில் ஹேவோனுக்குப் போன் செய்தாள். "தூரத்திலிருந்து பாத்தா தெரியாதுங்க. நேர்ல போய்ப் பேசுங்க" என்றாள் அவள்.

மறுநாள் மதியம் போனாள். வாசல் கூட்டியிருந்தது. போர்வைகள் துவைத்து மடிக்கப்பட்டிருந்தன. ஒக்புன் சிரித்தபடி வந்தாள்.

"வாடி, உன்னைத்தான் நெனைச்சேன். பின்னாடி இருக்கிற சோயா விழுது ஜாடியை நீயே எடுத்துக்கோ."

மருமகளுக்குக்கூட ஒரு கரண்டி கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய விழுது அது.

"உங்களுக்கு வேண்டாமாக்கா?"

"இனிமே எங்களுக்கு எதுக்கு?"

வெளியிலிருந்து மாங்கில் கத்தினார்: "சாப்பாடு ஆச்சா?"

"இதோ ஆச்சு! இன்னைக்கு உங்களுக்குப் பிடிச்ச சூப்பு!"

யோன்சில் அவள் பின்னாலேயே அடுக்களைக்குள் போனாள். அடுக்களைக் கதவைச் சாத்தினாள். கேட்டாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

"அக்கா, செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?"

ஒக்புன் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"யாராவது கேப்பாங்களான்னு பாத்தேன். ஒரு நாய்கூட இந்தப் பக்கம் வரல."

"அண்ணனையும் சேத்தா?"

கத்தி நின்றது. "அவரைத் தனியா விட்டுட்டு எப்படிடி போறது? ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாத மனுசன்."

நல்லெண்ணெய்ப் புட்டிக்குப் பின்னால் பூச்சிமருந்து இருந்தது. "இன்னும் ஊத்தல" என்றாள் ஒக்புன். ஆனாலும் யோன்சில் சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள். மருந்துப் புட்டியைப் பாவாடைக்குள் இடுக்கிக்கொண்டு, ஒக்புனின் கையை விடாமல் ஹேவோனை அழைத்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது ஒக்புன் அவள் கையைப் பிராண்டினாள்.

"உன்னை நம்பிச் சொன்னேனே, துரோகி!"

மாங்கில் ஓரமாக நின்று பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஒக்புனைப் பார்க்க யோன்சிலும் மாங்கிலும் நகரத்து மருத்துவமனைக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். அவர் குடிக்காமல் வந்திருந்தார். வழியெல்லாம் வெறுமையாகக் கிடந்த தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஆற்றுப்பாலம் தாண்டியதும் வாய் திறந்தார்.

"அன்னைக்கு அவ என்ன பண்ணப்போறான்னு எனக்குத் தெரியும், யோன்சிலு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் சாப்பாடு கேட்டேன்."

 யோன்சில் அந்த வீட்டில் ஒருத்தியிடம் மட்டும் கேட்டுவிட்டு, மிச்சக் கோடை முழுவதும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"அண்ணே, இப்பவும் அந்த நெனப்பு இருக்கா?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கியதும் அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களின் வரிசையை விட்டு, மருத்துவரைப் பார்க்கும் வரிசையில் அவரை உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். சட்டைக்கையை விடவில்லை.