படகு கேம் இருந்த கேசட்

இல்லாத பொருளை வருஷக்கணக்கில் தேடுவதும், அது கிடைத்த அன்றைக்கு ‘இது அதுதானா?’ என்று சந்தேகப்படுவதும்தான் எங்கள் தொழில்.

டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய வீடியோ கேம் பெட்டி ஞாபகமிருக்கும். அதில் செருகுகிற கேசட்டைத்தான் சொல்கிறேன். நம் ஊருக்கு வந்ததெல்லாம் டூப்ளிகேட். எவனோ எங்கோ உட்கார்ந்து, நாலு கேமைத் திருடி, ஒன்றில் ஆளை மாற்றி, ஒன்றில் நிறத்தை மாற்றி, ஊர் பேர் போடாமல் விற்றுவிட்டான். அசலைப் பத்திரப்படுத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டூப்ளிகேட் தொலைந்தால் யார் அழுவது? நாம்தான். இதைப் படிக்கும் சக நோயாளிகளுக்குத் தெரியும்.

இரவில் எனக்குப் பழவேற்காட்டில் ஐஸ் பேக்டரி மெஷின் பார்க்கிற வேலை. பகலில் தூங்க வேண்டும். தூக்கம் வராது. அந்த நேரத்தில் அறுந்த கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கவும், கேசட்டுக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டரில் இறக்கவும் நானாகவே பழகிக்கொண்டேன். இறக்கியதை என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு இன்டர்நெட்டில் அனுப்புவேன்.

ஒன்பது லட்சம் ஆட்டம்

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவர் மஞ்சள் கேசட் ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தார், இறால் கொண்டுவருகிற மாதிரி. மேலே ஒன்பது லட்சத்துச் சொச்சம் கேம் என்று அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆறு கேம். அந்த ஆறே திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வந்துகொண்டிருந்தது.

பெரிய துப்பு துலக்கிவிட்ட சந்தோஷத்தில் அதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கேசட்டைத் திரும்பத் துணியில் சுற்றியபடி சொன்னார்: “எங்க நைனா கடைசி வரிக்கும் ஒம்போது லட்சம்னு நம்பினு இருந்துட்டு செத்துப்போனாரு. உன்ன யாருபா எண்ணச் சொன்னா?”

ஃபைபர் காப்பு

இன்னொருவர் படகு பழுதுபார்க்கிறவர். தன் கேசட்டில் உப்பு ஏறிவிடக் கூடாதென்று, ஃபைபர் படகுக்குப் பூசுகிற பிசினை நாலாபுறமும் பூசிவிட்டார். பெட்டியில் செருகுகிற வாய் உட்பட. செங்கல் மாதிரி இருந்தது. சுத்தியல் போட்டாலும் கேட்காது, அறுத்தால் உள்ளே இருக்கிற சர்க்யூட் அட்டையும் சேர்ந்து போகும். என்ன கேம் இருந்தது என்று கேட்டேன். மறந்துபோச்சு என்றார்.

என் தவிப்பைப் பார்த்து அவரே ஆறுதல் சொன்னார்: “விடுண்ணா. உள்ள கீறது உள்ள நல்லாத்தான் கீது.”

கேசட் இல்லாத கஸ்டமர்

கோட்டைக்குப்பம் தேசப்பன் வெறுங்கையோடு வந்தான். என் வயசுக்காரன். தேடுகிற கேசட்டில் படகு ஓட்டி மீன் பிடிக்கிற கேம் ஒன்று இருந்ததாம். அப்படி ஒன்றைப் பார்த்ததாக இரண்டொருவர் இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறார்கள், காட்டியவர் கிடையாது.

அவன் வந்தது கேமுக்காக இல்லை. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்பதற்கு இங்கே சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். சின்ன வயசில் பையன்கள் காசு சேர்த்து அந்தக் கேசட்டை வாங்கி, அதற்கும் பாடு வைத்தார்கள். ஒருநாள் ஒரு வீடு. தேசப்பன் தன் முறை முடிந்ததும், அடுத்த முறைக்காரனான சித்தப்பா மகன் குமார் வீட்டு டிவி மேல் வைத்துவிட்டு வந்தான். வீட்டில் ஆளில்லை. குமார் வந்து பார்த்தால் கேசட் இல்லை. அன்றிலிருந்து ஊரில் ஊசி தொலைந்தாலும் ‘தேசப்பன் வூட்ல பாரு’ என்றாகிவிட்டது.

அதெல்லாம் சிரித்துப் போகிற பேச்சுதான். இந்த வருஷம் வலைப் பாடு முறைக்குச் சீட்டு எடுக்க ஊர்த் தலைவர் தேசப்பன் பேரைச் சொன்னாராம். எல்லாரும் நம்புகிற ஆள்தான் சீட்டில் கைவைக்க முடியும். “சீட்டையும் காணாப் பண்ணிடப் போறான்” என்று பின்னாலிருந்து குமார் குரல் கொடுக்க, கூட்டம் சிரிக்க, பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. தேசப்பன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி கேட்டான்: “அதே மாரி ஒண்ணு செஞ்சி தாயேன். பின்னால ஆணியால நங்கூரம் கீறி வெச்சோம். மண்ணுல பொதைச்சி எடுத்த மாரி காட்டிடறேன்.”

எனக்கு அது அரைமணி வேலை. காலி கேசட் கூடு இருக்கிறது, ஆணி இருக்கிறது. டூப்ளிகேட்டுக்கு ஒரு டூப்ளிகேட், யாருக்கும் தெரியாது. சரி என்று எழுந்துகூட விட்டேன். அவன்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தான்: “வாணாண்ணா. அப்பொறம் நெஜமாவே திருடனாயிடுவேன்.”

நீல மிதப்பு

இரண்டு நாள் கழித்துக் காலையில் வேலை முடிந்து கரையோரமாக வந்துகொண்டிருந்தேன். குமாரும் அவன் அம்மா அஞ்சலையும் நண்டு வலையைப் பிரித்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலை மேலே நிற்க மிதப்பு கட்டுவார்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டுவதுதான் வழக்கம். அந்த வரிசையில் ஒன்று மட்டும் சதுரமாக, தடிமனாக, படகுப் பெயின்ட் பூசி நீலமாக இருந்தது. ஓரத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நான் கனவிலும் தடவிப் பார்ப்பவன்.

குமாரிடம் கத்தி வாங்கிப் பின்பக்கத்துப் பெயின்ட்டைச் சுரண்டினேன். பட்டை பட்டையாக உதிர்ந்தது. கீழே தார். தாருக்குக் கீழே நங்கூரம்.

குமார் வாயைத் திறந்தபடி நின்றான். வலை கிழிந்தால் வலையை மாற்றுவார்கள், மிதப்பை அவிழ்த்துப் புது வலையில் கட்டிக்கொள்வார்கள். எத்தனையோ வலைக்கு அவனே தன் கையால் கட்டியிருக்கிறான். ஆள் குறைந்த நாளில் தேசப்பனும் வந்து இதே வலையை இழுத்துக்கொடுத்திருக்கிறான்.

அஞ்சலை நண்டின் காலைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்: “பத்தாவது பரிச்சை. இவன் எவன் மொறைன்னாலும் அவன் வூட்ல போயி ராப்பகலா அத்தயே ஆடினு இருந்தான். எடுத்து ஒளிச்சேன். மறுநாளே ஊரு கூடிட்ச்சு, தேசப்பன திருடன்னுட்டாங்கோ. எடுத்துக் குடுத்தா எம்மூஞ்சில துப்புவாங்கோ. தார் பூசி வலைல கட்டிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்டியும் ஃபெயிலாத்தான்டா போன.”

சீட்டு எடுத்த நாள்

பாடு கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அஞ்சலை வந்தார். யாரையும் கேட்காமல் நடுவில் நின்று, கேசட்டைத் தலைவர் முன்னால் வைத்தார். “நான் எடுத்தது. அவன் கொண்டாந்து வச்சது வச்ச எடத்துல இருந்துது. இத்தினி வருசமா என் வூட்ல சோறு துன்னுட்டுப் போவான், ஒரு நாளும் எம்மூஞ்சியப் பாத்து கேட்டதில்ல” என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது. தேசப்பன் எழுந்து வந்து, “சின்னம்மா, நீ வூட்டுக்குப் போ” என்று தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசல்வரை விட்டுவந்தான். யாரும் சிரிக்கவில்லை.

சீட்டுப் போட்ட குடத்தைக் குமார்தான் தூக்கிவந்து தேசப்பன் முன்னால் நீட்டினான். கண் கலங்கியிருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது. “எட்றா. எனக்கு நல்ல பாடா பாத்து எட்றா” என்றான். தேசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டான். குமாருக்கு வந்தது ஏரியிலேயே ஆகாத இடம், சேறும் பாசியும் மட்டும் கிடைக்கிற பாடு. கூட்டம் அதிரச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது குமார்தான்: “டேய், உன்ன நம்பினது இன்னிக்குத்தான்டா! இன்னிக்கேவா?”

தண்ணி தெரிந்தது

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கேம் இருந்ததா, இல்லையா?

தலைவரிடம் கேசட்டை வாங்கிவந்து, தாரைக் கரைத்துத் திறந்தேன். உள்ளே உப்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது. துடைத்து, அற்றுப்போன இடத்தில் கம்பி பற்றவைத்து, தேசப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்விட்சைப் போட்டேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நிறம். கீழ்ப் பாதியில் நீலம் மட்டும் நடுங்கியது. “அதோ தண்ணி! இருண்ணா, படகு பின்னால வரும்” என்றான். டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். படகு வரவில்லை. பிறகு நீலமும் போய்விட்டது. நான் ஸ்விட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவனோ நங்கூரம் கீறிய வெளிக்கூட்டை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி போனான். அன்று நான் போனில் சொன்னதும், இன்டர்நெட்டில் என்னோடு தேடி லிஸ்ட் போடுகிற நண்பர், “லிஸ்ட்ல இருக்குன்னு போடறதா, இல்லன்னு போடறதா?” என்றார்.

மறுநாள் அஞ்சலை வாசலில் நின்றார். மிதப்பை எடுத்துப் போனவன் வேறு மிதப்பு தர வேண்டுமல்லவா? வலை ஒருபக்கம் சாய்கிறதாம். நியாயம்தான். என் டிரங்க் பெட்டியில் கைவிட்டதும் வந்தது, நான் இன்னும் திறந்தே பார்க்காத ஒரு கறுப்பு கேசட். பேரில்லை, படமில்லை. ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு தார் பூசினேன். நீட்டியபோது அவர் உடனே வாங்கவில்லை: “இதுக்கும் எவன் பேராச்சும் கெட்டுக்கீதான்னு நல்லா விசாரிச்சிட்டு குடுப்பா.”

ஆக, காணாமல்போன கேசட்டுகளைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய நான், இத்தனை வருஷ உழைப்பில் ஏரியிலிருந்து ஒன்றை எடுத்து, ஏரியிலேயே ஒன்றைப் போட்டிருக்கிறேன்.