தீர்த்தம் தெளித்த பரோடியா

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. போன லீவில் வந்தவர் எனக்கென்று ஆசையாக வாங்கித் தந்தது ஒரு கள்ளிச்செடி. ஒரு சேலை எடுத்துத் தரத் தோன்றவில்லை பாருங்கள். தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் பார்த்து மயங்கினாராம். ஊர் வந்ததும் ஆன்லைனில் தேடிப் பிடித்துவிட்டார். பரோடியா என்று பெயர். எலுமிச்சம்பழ அளவு, உடம்பே தெரியாதபடி மஞ்சள் முள், உச்சியில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு.

"அங்கனதான் பூக்கும். மண்ணு நல்லா காஞ்ச பொறவு தண்ணி ஊத்து. நான் வாரதுக்குள்ள கொன்னுபுடாத" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

கொல்வதற்கு நான் எதற்கு, மாமியார் இருக்கிறார். மகன் கடலில் இருக்கும் நாளெல்லாம், சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் மாதா கோயில் தீர்த்தத்தை அவருடைய சாமான்கள்மேல் தெளிப்பது மாமியின் வழக்கம். ஆணியில் தொங்கும் சட்டை, தலையணை, பைக் எல்லாவற்றுக்கும் உண்டு. இந்த முறை ஜன்னலோரச் செடியும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் பார்த்தால் அடிப்பக்கம் கொழகொழவென்று இருந்தது.

"மாமி, இதுக்குத் தண்ணி ஆகாது."

"தண்ணியாளா இது? தீர்த்தம்லா!"

விடவில்லை நான். சண்டை போட்டு நிறுத்தினேன். அழுகிய இடத்தைச் சுரண்டி, காயவைத்து, புது மணலில் வைத்தேன். மாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு செடியைத் தாண்டிப் போனார்.

பிழைத்துக்கொண்டது. பஞ்சுக்குள் மொட்டுகூட வந்தது. வீடியோ காலில் காட்டினேன். "விரிஞ்சதும் காட்டுளா" என்றார்.

அதோடு போன் நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது, பயப்படாதீர்கள் என்றார்கள் கம்பெனியில். பயம் சொன்னால் கேட்குமா? டிவியில் கப்பல் என்று எழுத்து ஓடினாலே எழுந்து கிட்டே போய்ப் படித்தேன். அவர் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு காலையில் பூ விரிந்தது. பளபளவென்று மஞ்சள். காட்ட அவர் இல்லை. மாமியின் தீர்த்த பாட்டிலை எடுத்து, செடி போனால் போகட்டும், மனுஷன் வரட்டும் என்று அதன் தலையிலேயே கவிழ்த்தேன்.

பின்னால் மாமி நின்றிருந்தார்.

"தண்ணி ஆகாதுன்னு நீதானளா சொன்ன?"

"தீர்த்தம்தான மாமி" என்றேன்.

அவர் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். முந்தானை நுனியால், முள்ளில் மாட்ட மாட்ட, ஈரத்தை ஒற்றி எடுத்தார்.

"அவன் வந்து செடி எங்கன்னு கேப்பாம்லா."